கேள்வி கேட்டவர்களும் பதில் சொன்னவர்களும் – புதுச்சேரி வட்டாரத்துக் கள ஆய்வுகளின் கதை

புதுச்சேரி மக்களிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சிந்தியா சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரு முடிவுக்கு வர வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா, இந்தியக் குடியுரிமை போதுமா? அவ்வளவுதான் கேள்வி.

கேள்வி எளிமையாகத்தான் தெரிகிறது. ஆனால் அதை வைத்த முறையைப் பாருங்கள். புதுச்சேரியில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர் பிரெஞ்சுக் குடிமகனாகத் தொடர வேண்டுமானால் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றும் எழுதிக் கொடுக்காமல் சும்மா இருந்தால் அவர் இந்தியர். அதே புதுச்சேரியில் பிறந்து இந்தியாவுக்கு வெளியே, உதாரணமாக வியட்நாமின் சைகோனில், குடியிருந்தவருக்கு நிலைமை தலைகீழ். அவர் சும்மா இருந்தால் பிரெஞ்சுக்காரர், இந்தியராக வேண்டுமானால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணன் சைகோனில், தம்பி முத்தியால்பேட்டையில், இருவருமே படிவத்தைத் தொடவில்லை என்றால் இருவரும் இரண்டு நாட்டுக்காரர்கள்! புதுச்சேரியில் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் யோசித்துப் பார்த்து இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார்களா, அல்லது படிவம் அவர்கள் கைக்கே போய்ச் சேரவில்லையா என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. பேசாமல் இருந்ததும் அங்கே ஒரு பதிலாக எழுதப்பட்டுவிட்டது.

அதற்கு எட்டு ஆண்டு முன்னால், 1954 அக்டோபர் 18 அன்று, கீழூரில் நடந்தது இன்னொரு வகை. இந்தியாவோடு இணையலாமா என்ற கேள்விக்கு அங்கே வாக்களித்தவர்கள் 178 பேர். எல்லாரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. ஆனால் வங்காளத்தில் இருந்த இன்னொரு பிரெஞ்சுப் பகுதியான சந்தர்நாகூரில் 1949 ஜூனிலேயே வாக்காளர்கள் எல்லாரிடமும் நேரடியாகக் கேட்டுவிட்டார்கள். அங்கே ஏழாயிரத்துச் சொச்சம் பேர் ஆதரவாகவும் 114 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். முடிவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் ஓரிடத்தில் ஊர் பதில் சொன்னது, மற்ற இடத்தில் ஊருக்காகச் சிலர் பதில் சொன்னார்கள்.

இவை எதுவும் ஆராய்ச்சிக்காக எடுத்த சர்வே அல்ல. ஒன்று வாக்கெடுப்பு, மற்றொன்று சட்டப் படிவம். ஆனாலும் சர்வே என்ற வேலையில் உள்ள எல்லாச் சிக்கலும் இந்த இரண்டுக்குள்ளேயே இருக்கின்றன. யாரிடம் கேட்பது? எந்தச் சொல்லில் கேட்பது? பதில் சொல்லாதவரை எந்தக் கட்டத்தில் போடுவது? டாக்டர்களைப் பற்றி, லாரி ஓட்டுநர்களைப் பற்றி, ஆசிரியர்களைப் பற்றி என்று ஒரு குறிப்பிட்ட தொழில் செய்பவர்களை மட்டும் தேடிப்பிடித்து சர்வே எடுத்துத் தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இன்று உலகம் முழுக்க இருக்கின்றன. பணம் கொடுத்தால் பட்டியல், கேள்வித்தாள், பதில், வண்ண வண்ணப் படம் எல்லாம் கிடைக்கும். ஆனால் டாக்டரிடம் கேட்பது போல செங்கல் சூளைத் தொழிலாளியிடம் கேட்க முடியுமா? புதுச்சேரியையும் அதைச் சுற்றியுள்ள பழைய தென்னாற்காடு மாவட்டத்தையும் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு நூறு வருட வரலாறு இருக்கிறது.

அதற்கு முன்னால் பிரான்ஸ் பக்கம் ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாம். தொழிலாளர் குடும்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து, வரவு என்ன, செலவு என்ன, என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெழுதும் முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் பிரெடெரிக் லெ ப்ளே என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர். ஐரோப்பாவின் பல நாடுகளைச் சேர்ந்த 36 குடும்பங்களைப் பற்றிய அவரது பெரிய நூல் 1855-இல் வந்தது. இருபத்தைந்து வருடம் கழித்து, 1880-இல், கார்ல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். ஏறத்தாழ நூறு கேள்விகள்! வேலை நேரம், கூலி, விபத்து, வேலைநிறுத்தம் என்று எதையும் விடவில்லை. 25,000 பிரதி அச்சிட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்த பதில்களோ மிகக் குறைவு. பன்னிரண்டு மணி நேரம் ஆலையில் நின்றுவிட்டு வருபவர் உட்கார்ந்து நூறு கேள்விக்குப் பதில் எழுதுவாரா என்று அந்தப் பெரிய மூளைக்குத் தோன்றாமல் போனது ஆச்சரியம்தான். தொழிலாளரிடம் கேட்க வேண்டுமானால் தபாலில் கேட்டால் போதாது, ஆள் போக வேண்டும்.

இருவேல்பட்டு

புதுச்சேரியிலிருந்து மேற்கே விழுப்புரம் போய், அங்கிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் இருவேல்பட்டு வரும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தின்போது ஊர் மக்கள் நெடுஞ்சாலையில் மறியல் செய்ததும், பார்க்க வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டதும் செய்தியில் வந்ததே, அதே ஊர்தான். இந்தியாவில் மிக அதிக முறை ஆராயப்பட்ட கிராமங்களில் அதுவும் ஒன்று.

கதை 1916-இல் தொடங்குகிறது. கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915 கடைசியில் வந்து சேர்ந்தார். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்காக நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் அவர். இங்கிலாந்தின் பொது நிலங்கள் வேலி போடப்பட்டு விவசாயிகள் கையை விட்டுப் போனதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். இந்தியப் பொருளாதாரம் கற்பிக்க வந்தவருக்கு இந்தியக் கிராமம் தெரியாது. கிராமம் தெரிந்தவர்கள் அவர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாணவர்கள்! எனவே அவர்களிடமே கேள்விப் பட்டியலைக் கொடுத்து, உங்களுக்குத் தெரிந்த கிராமத்துக்குப் போய் எழுதி வாருங்கள் என்று அனுப்பினார். அப்படி வந்தவற்றைத் தொகுத்து 1918-இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலை வெளியிட்டார். திருநெல்வேலி கங்கைகொண்டான், ராமநாதபுரம் வடமலைபுரம், தஞ்சாவூர் பாலக்குறிச்சி, வடாற்காடு தூசி, தென்னாற்காடு இருவேல்பட்டு ஆகிய ஐந்தும்தான் அதில் பெரிதாகப் பேசப்படும் ஊர்கள். கல்லூரி மாணவர்கள் லீவில் செய்த அசைன்மென்ட் ஒன்று நூறு வருடம் கழித்தும் மேற்கோள் காட்டப்படுகிறது என்பதை வகுப்பில் தூங்குபவர்கள் கவனிக்கவும்!

இருவேல்பட்டுப் பகுதியில் படியாட்களைப் பற்றிய குறிப்பு முக்கியமானது. படியாள் என்றால் ஒரு பண்ணைக்கே கட்டுப்பட்டு வேலை செய்பவர். கூலி தானியமாகப் படியில் அளக்கப்படும். பெரும்பாலும் ஒரு கல்யாணச் செலவுக்காக வாங்கிய கடன்தான் ஆரம்பம். அந்தக் கடன் அடைவதே இல்லை. அப்பாவிடமிருந்து மகனுக்கு நிலம் வருவதைப் போல இவர்களுக்குக் கடன் வந்தது, கடனோடு எஜமானரும் வந்தார். இந்தச் செய்தி அச்சில் ஏறியது மாணவர் ஒருவர் கேட்டு எழுதியதால்தான். அந்த மட்டில் பெரிய காரியம்.

ஆனால் கேட்டவர் யார் என்று பார்க்க வேண்டும். 1916-இல் சென்னைக்குப் போய்க் கல்லூரியில் படித்தவர்கள் பெரும்பாலும் நிலமும் வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். பண்ணை வீட்டுப் பிள்ளையோ அவருக்குச் சமமானவரோ வந்து நின்று, உனக்கு எவ்வளவு கடன், உன் எஜமான் எப்படி என்று கேட்டால் படியாள் என்ன சொல்லியிருப்பார்? கைகட்டி நின்றுகொண்டு, 'குறை ஒண்ணுமில்லீங்க சாமி' என்பதைத் தவிர வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? ஸ்லேட்டரின் நூலில் நிலத்தின் அளவும் பயிரும் விலையும் நம்பத்தக்கதாக இருப்பதற்கும், கூலியாட்களின் குரல் மட்டும் வெளியிலிருந்து பார்த்தவர் சொல்வதாகவே இருப்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஸ்லேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் செய்த நல்ல காரியம், பிறகு வந்தவர்கள் அதே கதவைத் தட்டும்படி ஒரு முகவரியை விட்டுப் போனது. அவருக்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1930-களில் அதே கிராமங்களை மறுபடி ஆராய்ந்து 1940-இல் நூலாக்கினார்கள். 1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குத் திரும்பிப் போய் எழுதினார்கள். பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடி அப்போதும் விட்டுப்போகவில்லை. 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனபோது படம் நிறைய மாறியிருந்தது. நிலக்கிழாரின் அதிகாரம் தேய்ந்துவிட்டது, பழைய படியாள் முறை போய்விட்டது, ஆட்கள் வெளி வேலைக்குப் போகிறார்கள், தலித் மக்களுக்குச் சொந்தமாக நிற்கக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் நிலம் மட்டும் பெரிதாக அவர்கள் கைக்கு வரவில்லை. (மூவரில் ஒருவரான ஜெயரஞ்சன்தான் 2021-இல் தமிழ்நாடு மாநிலத் திட்டக்குழுவின் துணைத் தலைவராக நியமிக்கப்பட்டவர்.)

ஊரில் படியாள் இல்லை, சரி. அப்படியானால் கடனுக்காகக் கட்டுப்பட்டு வேலை செய்யும் ஆளே இந்த வட்டாரத்தில் இல்லையா?

லட்சமா, ஆயிரமா?

கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் 1975 அக்டோபரில் வந்தது, 1976-இல் நாடாளுமன்றச் சட்டம் ஆனது. ஒழித்தாயிற்று என்றால் எத்தனை பேரை விடுவித்தோம் என்று கணக்குச் சொல்ல வேண்டுமே! அங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது.

1970-களின் இறுதியில் இரண்டு கணக்கெடுப்புகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நடந்தன. காந்தி அமைதி நிறுவனமும் தேசியத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து எடுத்த சர்வேயின்படி பத்து மாநிலங்களில் 26 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள், அதில் தமிழ்நாட்டில் மட்டும் 2.5 லட்சம். மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு எடுத்த கணக்கிலோ பதினாறு மாநிலங்களையும் சேர்த்து வெறும் 3.45 லட்சம். மாநிலங்கள் கூடுகின்றன, ஆட்கள் குறைகிறார்கள்!

தமிழ்நாட்டில் இது இன்னும் கூர்மையாக நடந்தது. பொதுநல வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 1995-இல் தந்த அறிக்கையில், மாநிலத்தின் 23 மாவட்டங்களிலும், இருபது வகைத் தொழில்களில், பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கொத்தடிமைகளாக இருப்பதாகச் சொன்னது. அதுவரை அப்படி யாரும் இல்லை என்பதே அரசுத் தரப்பு. பிறகு அரசு 1996-இல் தானே ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. கிடைத்தது ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் பேர். பத்து லட்சம் எங்கே, இருபத்தைந்தாயிரம் எங்கே! ஒரே மாநிலம், ஏறத்தாழ ஒரே வருடம், ஒரே சட்டம்.

யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் கேள்வி கேட்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அரிசி ஆலைக்கோ கல்குவாரிக்கோ அரசு ஜீப் வருகிறது. முதலாளி நாற்காலி போடுகிறார். தொழிலாளியைக் கூப்பிட்டு, 'நீ கொத்தடிமையா?' என்று கேட்கிறார்கள். அடிமையா என்று கேட்டால் மானமுள்ள எவரும் ஆமாம் என்று சொல்வாரா? 'இல்லீங்க, அட்வான்ஸ் வாங்கியிருக்கேன், வேலை செஞ்சு கழிக்கிறேன்' என்பார். கேட்டவர் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். இத்தனைக்கும் 1976 சட்டத்தின்படி முன்பணத்துக்காக வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்து உழைப்பதுதான் கொத்தடிமைத்தனம். அதாவது அவர் 'இல்லை' என்று சொன்ன அதே வாக்கியத்தில் 'ஆமாம்' இருக்கிறது. 1983-இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றமே, கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அது முன்பணத்துக்காகத்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. நீதிபதிகளுக்குப் புரிந்தது கேள்வித்தாளுக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. பட்டியலில் பெயர் ஏறினால் அரசு மறுவாழ்வுப் பணம் கொடுத்தாக வேண்டும். 1978-இல் 4,000 ரூபாயாகத் தொடங்கிய அந்தத் தொகை 2000-இல் 20,000 ஆனது, 2016-இல் ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை என்றானது. எண்ணுகிறவரே பணமும் கொடுக்க வேண்டும், இத்தனை நாள் ஏன் விட்டுவைத்தாய் என்ற கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டும். அவர் கை தாராளமாக எண்ணுமா?

செயின்ட் லூயி வீதி

புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய செயின்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம் பலருக்கும் ஓலைச்சுவடிகளுக்காகத்தான் தெரியும். அதன் சைவ ஆகமச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியா வசம் வந்த சில மாதங்களில், 1955-இல், இந்நிறுவனம் தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா கண் மருத்துவமும் படித்தவர், வடமொழியும் தமிழும் அறிந்தவர். சுவடி, தாவரம் என்று தொடங்கிய இடத்தில் பிற்பாடு சமூக அறிவியல் பிரிவும் வந்தது. அந்தப் பிரிவின் ஆட்கள்தான் கேள்வித்தாளோடு மறுபடி தென்னாற்காட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள்.

2000-களில் இசபெல் கெரான் என்ற பிரெஞ்சுப் பொருளாதார ஆய்வாளரும், நிறுவனத்தின் ஆய்வாளர் ஜி. வெங்கடசுப்பிரமணியனும், வேறு சிலரும் சேர்ந்து செங்கல் சூளை, கரும்பு வெட்டு, அரிசி ஆலை ஆகிய தொழில்களில் முன்பணம் வாங்கி வேலை செய்பவர்களை ஆராய்ந்தார்கள். சென்னையைச் சுற்றியுள்ள சூளைகளைப் பற்றிய அவர்கள் கட்டுரை 2007-இல் வெளிவந்தது.

சூளை வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் மழைக்காலத்தில் வேலை இருக்காது. அப்போது மேஸ்திரி வருவார், அட்வான்ஸ் கொடுப்பார். பொங்கல் முடிந்ததும் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று குடும்பமாக லாரி ஏறிச் சூளைக்குப் போக வேண்டும். இரவிலேயே எழுந்து மண் மிதித்துக் கல் அறுக்கும் வேலை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வாரா வாரம் சாப்பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் கையில் கிடைக்கும். ஜூன், ஜூலையில் சீசன் முடியும்போது கணக்குப் பார்ப்பார்கள். அட்வான்ஸ் கழிந்திருந்தால் மீதி கைக்கு வரும். மழை பெய்து கல் கரைந்திருந்தால், உடம்பு முடியாமல் படுத்திருந்தால், கடன் அடுத்த வருடத்துக்குப் போகும். மேஸ்திரி பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரரும்கூட. அடித்து இழுத்துப் போக வேண்டிய அவசியமே இல்லை!

இவர்களை எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது பிப்ரவரியில். அது சூளையின் உச்ச காலம். அந்த மாதத்தில் கிராமத்தில் வீடு வீடாகச் சர்வே எடுக்கப் போகிறவர் பார்ப்பது பூட்டிய கதவுகளை. 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால், கிராமத்தின் மிக ஏழையான குடும்பங்களே சர்வேயிலிருந்து கழன்றுவிடும். அறிக்கையில் அந்தக் கிராமம் உண்மையைவிடக் கொஞ்சம் வசதியானதாகத் தெரியும்.

சூளைத் தொழிலாளர்களிடம் பேசியதில் கிடைத்த பதில்கள் எளிதான வகைகளுக்குள் அடங்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அட்வான்ஸ் ஒரு சங்கிலி. ஆனால் தொழிலாளர்களில் பலர் பெரிய அட்வான்ஸ் கிடைப்பதைத் தங்கள் உழைப்புக்குக் கிடைத்த மதிப்பாகவும், வேலைக்கு உத்தரவாதமாகவும் பார்த்தார்கள். கல்யாணம், காது குத்து, வீடு கட்டுவது எல்லாம் அந்த மொத்தத் தொகையை வைத்துத்தான் நடந்தது. வேறு யார் அவர்களுக்கு மொத்தமாகப் பணம் தருவார்கள்? அதே ஆட்கள் சூளை வேலையைக் கேவலமாகவும் கொடுமையாகவும் சொன்னார்கள். இரண்டும் உண்மை. 'ஆமாம்', 'இல்லை' என்ற இரண்டு கட்டம் மட்டும் உள்ள கேள்வித்தாளில் இதை எங்கே எழுதுவது?

கடனுக்கு எத்தனை பெயர்!

இந்த அனுபவத்திலிருந்துதான் 2010-இல் 'ரூமே' என்ற சர்வே வந்தது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில், பண்ருட்டியைச் சுற்றிய பத்து கிராமங்களில் 405 குடும்பங்கள். பாசனம் உள்ள ஊர், மானாவாரி ஊர், டவுனுக்குப் பக்கம், தூரம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரிலும் கேட்டார்கள், காலனியிலும் கேட்டார்கள். 2016-17-இல் 'நீம்சிஸ்' என்ற பெயரில் திரும்பிப் போனபோது 492 குடும்பங்கள், 2020-21-இல் மறுபடி போனபோது 631.

இந்தச் சர்வேயின் கேள்வித்தாளில் கடன் பகுதியைப் பார்த்தால் மனம் மகிழும். சாதாரணமாக அரசுப் படிவத்தில் வங்கி, கூட்டுறவு, கடன் கொடுப்பவர், உறவினர் என்று நாலைந்து வகை இருக்கும். இங்கேயோ அடகுக்கடை, மளிகைக்கடை, மேஸ்திரி அல்லது முதலாளி, மகளிர் குழு, சர்க்கரை ஆலை என்று போகும் பட்டியலில் 'தண்டல்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. தினமும் வீட்டு வாசலுக்கே வந்து வசூலிக்கும் கடன் அது, கிராமத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். அதைவிட அருமை, 'தெரிஞ்சவங்க' என்ற வகை. உறவினரும் இல்லை, வட்டிக்கடைக்காரரும் இல்லை, நண்பர் என்றும் சொல்ல முடியாது. 'தெரிஞ்சவங்ககிட்ட வாங்கினேன்' என்று நம் வீடுகளில் தினமும் காதில் விழுகிற சொல்தான். அதை ஒரு தனி வகையாக ஏற்று எழுதியது பெரிய விஷயம். தமிழ்நாட்டில் 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்த பிறகு, வட்டிக்கு வாங்கினீர்களா என்று நேரடியாகக் கேட்டால் பதில் வராது. 'தெரிஞ்சவங்க' என்ற கட்டம் இருந்தால் வரும்.

மொய்யை என்ன செய்வது என்று யோசித்தால் இன்னும் சுவாரசியம். கல்யாணத்தில் வந்த ஐந்நூறும் ஆயிரமும் நோட்டில் எழுதி வைக்கப்பட்டு, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திரும்பச் செய்ய வேண்டியவை. அது அன்பளிப்பா, கடனா? வெளிநாட்டில் தயாரித்த கேள்வித்தாளில் இதற்கு இடமே கிடையாது.

இன்னொரு மாற்றம் நீம்சிஸில் செய்தார்கள். வழக்கமாக வீட்டு சர்வே என்றால் குடும்பத் தலைவரிடம் கேட்பார்கள். அவர் திண்ணையில் உட்கார்ந்து எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்வார். 'வீட்டம்மா என்ன செய்றாங்க?' 'சும்மாதான் இருக்கா.' முடிந்தது! நீம்சிஸில் குடும்பத் தலைவரோடு நிறுத்தாமல், வீட்டில் உள்ள இளையவர் ஒருவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அவரிடமும் தனியாகக் கேட்டார்கள். அவருடைய வேலை, அவருடைய கடன், அவருக்கு யாரைத் தெரியும் என்பதெல்லாம் அவர் வாயாலேயே. கீழூரில் 178 பேர் ஊருக்காகச் சொன்னதும், திண்ணையில் ஒருவர் வீட்டுக்காகச் சொல்வதும் ஒரே வகைதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த மாற்றத்தின் அருமை புரியும்.

பெண்களிடம் தனியாகப் பேசினால் கணவருக்குத் தெரியாத கடன் வெளியே வரும். கெரானும் வெங்கடசுப்பிரமணியனும் சந்தோஷ் குமாரும் சேர்ந்து எழுதி 2023-இல் வெளியான நூல் முழுக்க முழுக்க இதைப் பற்றியது. கடன் வாங்குவதும், தவணைக்கு ஓடுவதும், வசூல்காரரின் பேச்சைக் கேட்பதும், ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்குவதும் இந்த வட்டாரத்து ஏழைப் பெண்களின் அன்றாட வேலையாகவே ஆகிவிட்டது, அந்த வேலை யார் கணக்கிலும் வருவதில்லை என்று அது சொல்கிறது. 'சும்மா இருக்கா' என்று எழுதப்பட்டவரின் ஒரு நாள் அது.

2016 நவம்பர் 8

நீம்சிஸின் முதல் சுற்று 2016-இல் நடந்துகொண்டிருந்தபோது, நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. பாதி வீடுகளில் கேட்டு முடித்திருக்கும்போது நாட்டின் பணமே மாறிவிட்டால் சர்வே எடுப்பவர் என்ன செய்வார்? வேறு யாராவது இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். கேட்ட பதிலும் இனிமேல் கேட்கும் பதிலும் ஒன்றோடொன்று ஒட்டாதே!

அவர்களோ ஒட்டாததையே ஆராய்ச்சியாக ஆக்கிக்கொண்டார்கள். அறிவிப்புக்கு முன் பேசிய குடும்பங்கள் ஒரு பக்கம், பின் பேசியவை ஒரு பக்கம். இடையில் என்ன மாறியது? 2017-இல் வெளியான அவர்கள் கட்டுரையில் வேலை குறைந்தது, கையில் காசு புழங்குவது நின்றது, மக்கள் தெரிந்தவர்களையும் சொந்தபந்தங்களையும் முன்பைவிட அதிகமாக நம்ப வேண்டி வந்தது என்று காட்டினார்கள். ரொக்கத்தைக் குறைத்து எல்லாரையும் வங்கிக்குள் கொண்டுவருவது என்று சொல்லப்பட்ட நடவடிக்கை, பண்ருட்டிப் பக்கத்து கிராமங்களில் மக்களை மறுபடி 'தெரிஞ்சவங்க' வாசலுக்கே அனுப்பியது. தெரிந்தவர் வட்டம் பெரிதாக உள்ளவர் சமாளித்தார். அது இல்லாதவர் திண்டாடினார். எத்தனை நோட்டு திரும்பி வந்தது என்று ரிசர்வ் வங்கி எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், கையில் டேப்லெட்டோடு ஒரு திண்ணையில் உட்கார்ந்து, 'அக்கா, போன மாசம் யாருகிட்ட கைமாத்து வாங்கினீங்க?' என்று கேட்க ஆள் இருந்ததால்தான் இது தெரிய வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர் தமிழில், அக்கா என்று அழைத்துக் கேட்டார் என்பதும் இதில் சேர்த்தி.

அடுத்த சுற்று 2020-இல் வந்தபோது கொரோனா ஊரடங்கு குறுக்கே வந்தது. அப்போதும் விடவில்லை. 2021 வரை இழுத்து முடித்தார்கள். ஊரை விட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டவர்களையும், வீடு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டு வராமல், போன இடத்துக்கே தேடிப் போனார்கள்.